பூண்டுக்குள் போன பல்வலி

புள்ளியைத் தின்றது நீங்கள்தான், அதிகாரி சார். வேறு யார் தலையிலும் அதைக் கட்டப் பார்க்காதீர்கள். கல்லாத்துப்பட்டி பூண்டுச் சந்தையில் உரிப்பு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, "எங்கள் பிள்ளைகளுக்காக ஊர் ஆஸ்பத்திரிக்குப் பல் நாற்காலி வேண்டும்" என்று எழுதிக் கொடுத்த மனுவில், 'பல்' என்ற சொல்லின் கடைசி எழுத்துத் தலைமேல் புள்ளி கடுகு மாதிரி உருண்டு திரண்டு உட்கார்ந்திருந்தது. கொடுத்தவர்கள் பார்த்தார்கள், வாங்கியவர்களும் பார்த்தார்கள். அந்தக் காகிதம் உங்கள் மேசைக்கு ஏறி, உங்கள் பச்சை மைக் கையெழுத்தோடு இறங்கி வரும்போது புள்ளியைக் காணோம். பல் என்றிருந்தது பல என்றாகிவிட்டது.

பிறகென்ன, லாரி வந்தது. தார்ப்பாயை அவிழ்த்தால் சிவப்பு சிவப்பாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்து, லாரியின் கூரை மட்டத்துக்கு மேலேயும் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஊரே உட்கார்ந்தாலும் மிச்சமாகிற அளவுக்கு வந்திருந்தன.

"பல நாற்காலி கேட்டீகளாம்ல. இறக்கிக்கங்க" என்றான் டிரைவர்.

விருமாயி இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். அவள் பூண்டு உரித்து ஆளானவள். நகக்கண்ணில் காரம் ஏறி எரிய எரிய உரித்து, மூட்டை தூக்கி, திட்டு வாங்கி, அதைவிடப் பெரிய திட்டாகத் திருப்பிக் கொடுத்து, இப்போது அந்தச் சந்தையிலேயே முதல் தரகுக்காரியாக நிற்பவள். மனுவை எழுத வைத்தவளும் அவள்தான்.

"பல்லுக்கு நாற்காலி கேட்டோம்யா. புள்ளைக வாயப் பாக்குறதுக்கு."

"இதுல உக்காந்தும் பல்லக் காட்டலாம்லக்கா" என்றான் அவன், தன் பல்லைக் காட்டி.

விருமாயி அவனை அடிக்கவில்லை. அன்றைக்கு ஊரில் நடந்த அதிசயம் அதுதான் என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

நாற்காலிகளை ஊர் செரித்துக்கொண்டது. டீக்கடையில் போட்டார்கள், காதுகுத்துக்குக் கொண்டுபோனார்கள், கோழிகள் முட்டையிட்டன, சாயங்காலமானால் நாய்கள்கூட ஆளுக்கொன்றில் ஏறிக் கால்மேல் கால் போட்டாற்போல் படுத்துக்கிடந்தன. உரிப்புக் கொட்டகையில் தரையில் குந்தியிருந்த பெண்கள் நாற்காலிக்கு ஏறியதில் இடுப்பு வலி குறைந்தது. அதற்காவது உங்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று ஒருத்தி வாயெடுத்தபோது, விருமாயி அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே உருவிவிட்டாள்.

இடுப்பு வலி குறைந்தது, பல்வலி குறையவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கொட்டகைக்குத்தான் வரும். வந்த பிள்ளை நச்சரிக்காமல் இருக்க ஜவ்வு மிட்டாய், பசித்தால் சீனி தூக்கலாகப் போட்ட டீயில் நனைத்த பன். வாயெல்லாம் சொத்தை. பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று தாய்மார் தேற்றிக்கொண்டார்கள். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், விடியுமுன்னே டோக்கனுக்கு நிற்கவேண்டும், நின்றபிறகு "அடுத்த வாரம் வாங்க" என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்பவேண்டும். ஒருநாள் உரிக்கப் போகாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. ஆகவே கைக்கு எட்டிய வைத்தியம்: உரித்த பூண்டில் ஒரு பல்லை எடுத்து, வலிக்கிற பல்லின் மேல் வைத்துக் கடிக்கச் சொல்வது.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, விருமாயியின் தங்கை பவுன்தாய், தன் மகள் கனிஷ்காவின் கடைவாயில் ஒரு பூண்டுப் பல்லை வைத்து, "கடிச்சுக்க ஆத்தா" என்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற கனிஷ்கா கண்ணை இறுக்க மூடிக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"வலி போயிருச்சும்மா."

"எங்கடி போச்சு?"

"இதுக்குள்ள" என்று பூண்டை வாயிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

பவுன்தாய் அதை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தாள். விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, வலிக்குது" என்று அடுத்தவளிடம் கொடுத்தாள். கை கைக்கு மாறி அது கொட்டகையைச் சுற்றி வந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. அதுவும் பல், இதுவும் பல், வலி என்ன எழுத்துக்கூட்டிப் படித்தா இறங்கும், பெயரைக் கேட்டது, இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு எல்லோரும் உரிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பல் எந்தக் கூடையில் விழுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் வந்து நின்றன. அதற்கு மறுநாள் வாயில் வைக்கவே தேவையில்லாமல் போயிற்று: பிள்ளை தாயின் மடியில் சாய்ந்து கூடையைப் பார்த்தால் போதும், வலி தானாக எழுந்து, முந்தானை முனையைப் பிடித்து இறங்குகிற எறும்பு மாதிரி சாரிசாரியாகப் போய்ப் பூண்டுக்குள் புகுந்துகொண்டது. கொட்டகையில் அழுகை நின்றது. பிள்ளைகள் முறுக்கைக் கடித்தார்கள், சிரித்தார்கள், சிரிக்கும்போது சொத்தைகள் கறுப்பாகத் தெரிந்தன, வலி மட்டும் மூட்டையேறி மதுரைக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தது.

பூண்டுப் பாக்கெட்டின் மேல் விருமாயியின் கைபேசி எண் இருந்ததால், முதல் அழைப்பு அவளுக்குத்தான் வந்தது. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. ரசம் குடித்ததிலிருந்து சின்ன வயதில் விழுந்துபோன ஒரு பால்பல் வலிக்கிறது, பல் இருந்த இடத்தில் இப்போது வேறு பல் இருக்கிறது, அது வலிக்கவில்லை, விழுந்துபோனதுதான் வலிக்கிறது என்று கத்தினார். அடுத்து சென்னையிலிருந்து பல்செட் கட்டியிருக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்.

"கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டேன் அம்மா. தம்ளருக்குள் கிடந்து வலிக்கிறது."

"அய்யா, அது ஒங்க வலி இல்ல. எங்க புள்ளைக்கு வலிக்க வேண்டியது. எந்தப் பக்கம்? மேலயா கீழயா?"

"கீழே. இடது. இனிப்புப் பட்டால் சுரீரென்கிறது."

"அப்ப அது கனிஷ்கா. ரெண்டு நாள் வச்சிருந்து பாருங்க, நல்ல புள்ள, ரொம்பப் படுத்தமாட்டா."

ஆசிரியர் "குழந்தை சாப்பிட்டதா?" என்று கேட்டார்.

சந்தை இதையும் செரித்துக்கொண்டது. வலிப்பூண்டு, வெறும்பூண்டு என்று இரண்டு குவியல் ஆயிற்று. வலிப்பூண்டு விற்காது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மருமகள்கள் மாமியாருக்கென்று வாங்கினார்கள், மாமியார்கள் மருமகளுக்கென்று வாங்கினார்கள், எதிர்க்கட்சிக்காரன் வீட்டு விருந்துக்கென்று ஒருவன் மூட்டையாகவே எடுத்தான், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு தபால்காரர் மட்டும், வீட்டில் ஒரு பிள்ளை சிணுங்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாராவாரம் ஒரு கைப்பிடி வாங்கிப்போனார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கனிஷ்காவின் கன்னம் வீங்கும்வரைக்கும்.

வீங்கிய கன்னத்தோடு அவள் நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வலியில்லை என்றாள். மறுநாள் கண் இடுங்கிவிட்டது, அப்போதும் வலியில்லை என்றாள். விருமாயி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கிடைத்த காரை நிறுத்தி மதுரைக்குக் கொண்டுபோனாள். சீழை எடுத்து, ஒரு பால்பல்லைப் பிடுங்கிப்போட்ட டாக்டர் கோபத்தோடு திரும்பினார்.

"வலிக்கலைன்னு விட்டுட்டீங்களா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிருக்கே வினையாகியிருக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிற பல்லைப் பாருங்க. ஓட்டை விழுந்திருக்கு."

"அதுவும் விழுந்து முளைக்கும்ல சார்?"

"முளைக்காது. ஆறு வயசுல பின்னாடி வர்ற பல் பால்பல் இல்லம்மா. அதுதான் கடைசிவரைக்கும். உடனே பார்த்தா காப்பாத்தலாம்."

திரும்புகிற வழியெல்லாம் விருமாயி மடியில் தூங்குகிற பிள்ளையின் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வலிதான் பூண்டுக்குப் போயிருக்கிறது, சொத்தை வாயிலேயே இருக்கிறது. கூவிக் கூப்பிட வேண்டியதை ஏற்றுமதி செய்துவிட்டு, வீடு பற்றி எரிவது தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், கொட்டகையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?

அன்றிலிருந்து யார் வலிக்கிறது என்று கூப்பிட்டாலும் விருமாயி மறுத்துப் பேசவில்லை. மேலா கீழா, குளிருக்கா இனிப்புக்கா, ராத்திரியா பகலா என்று துருவிக் கேட்டு, அது எந்தப் பிள்ளை என்று கண்டுபிடித்து, அந்தத் தாயைக் கூப்பிட்டு வாயைப் பார்க்கச் சொன்னாள். ஊர் ஊராக முகம் தெரியாத ஆட்கள் கல்லாத்துப்பட்டிப் பிள்ளைகளுக்குக் காவல் இருந்தார்கள். பார்த்து என்ன செய்வது? பார்க்கத் தாய்க்குத் தெரியும், அடைக்க டாக்டர் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் பூண்டுக் குழம்பு சாப்பிட்டீர்கள்.

யாரும் உங்களைத் தேடி அனுப்பவில்லை, சத்தியமாக. கடையில் வாங்கினீர்கள், குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டீர்கள், கனிஷ்காவின் கடைவாய்ப் பல் உங்கள் தாடைக்குள் வந்து உட்கார்ந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். மாத்திரைக்கும் கேட்கவில்லை. ஒருநாள் காலை, ஏலம் மும்முரமாக நடக்கும்போது, கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சந்தைக்குள் ஜீப்பில் வந்து இறங்கினீர்கள்.

"யாரும்மா விருமாயி? இதத் திருப்பி எடுத்துக்க."

"வித்த சரக்கத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்க சந்தையில இல்ல சார். உக்காருங்க. நாற்காலிக்கு இங்க பஞ்சமில்ல."

கூட்டம் சிரித்தது. நீங்கள் உட்கார்ந்தீர்கள். பிள்ளைக்கு ஆளுக்கொரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் தருவதாகச் சொன்னீர்கள், வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பதாகச் சொன்னீர்கள், ஒரு முகாம் போட்டுப் பந்தல் கட்டி ஜூஸ் கொடுப்பதாகச் சொன்னீர்கள். ஒவ்வொன்றுக்கும் விருமாயி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"பிரஷ்ஷக் குடுங்க, வாங்கிக்கிறோம். ஓட்டை விழுந்த பல்ல பிரஷ் அடைக்குமா? நாற்காலி வேணும். சாய்ஞ்சு படுக்கிற நாற்காலி. பக்கத்துல டாக்டர் வேணும். காத்தால வேலைக்குப் போறவ, போற வழியில புள்ளயக் காட்டிட்டுப் போற மாதிரி வேணும்."

"நாற்காலி தந்துடறேன். டாக்டர்தான்..." என்று இழுத்தீர்கள்.

விருமாயி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினாள். கல்லாத்துப்பட்டியில் பேரம் வாயால் முடிவதில்லை. வாங்குபவன் கையும் விற்பவன் கையும் துண்டுக்குள் போகும், விரல்கள் பேசும், சுற்றி நிற்பவர்களுக்குத் துணி அசைவது மட்டும் தெரியும். விரல் ஆயிரமா நூறா என்று யாரும் சொல்வதில்லை, சரக்கைப் பார்த்தாலே தெரியும், கேட்பது கேவலம். விரலை இறுக்கிப் பிடித்துவிட்டால் முடிந்தது, அப்பனே வந்தாலும் மாற்றமில்லை.

"சாருக்கு இது பழக்கமிருக்காது" என்றார் ஒருவர்.

"எங்கப்பா மாட்டுத் தரகர்" என்றீர்கள் நீங்கள், வலியோடு வலியாக ஒரு பெருமையோடு, கையைத் துண்டுக்குள் நீட்டினீர்கள்.

ஒரு விரல் கொடுத்தீர்கள். விருமாயி அதைத் தட்டிவிட்டாள். இரண்டு கொடுத்தீர்கள், மடக்கி உங்களிடமே தந்தாள். மூன்று. அவள் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. ஏலம் நின்றுவிட்டது, தராசுகள் நின்றுவிட்டன, மூட்டை தூக்கியவர்கள் மூட்டையோடு நின்றார்கள். கடைசியில் கனிஷ்காவின் பல் உங்களுக்குள் ஒரு தெறி தெறித்தது. ஐந்து விரலையும் விரித்தீர்கள். விருமாயி இறுக்கிப் பிடித்தாள்.

"முடிஞ்சது" என்றாள். "அச்சாரமா வலியத் திருப்பி எடுத்துக்கிறோம். இனிமே பூண்டுல வலி ஏறாது. ஆனா புள்ளைக சம்மதிக்கணும்."

அம்மாவின் பின்னால் நின்ற கனிஷ்கா எட்டிப் பார்த்தாள். "சாருக்குக் கண்ணு கலங்குது பெரியம்மா. பாவம், குடுத்துருங்க" என்றாள். அவளே வந்து உங்கள் கன்னத்தில் ஒரு விரலை வைத்து, ஓடிப்போன நாய்க்குட்டியைக் கூப்பிடுவதுபோல், "வா" என்றாள். வலி வந்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் கொட்டகைப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் வலியை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். சென்னையில் ஒரு தம்ளருக்குள் பல்செட் அமைதியானது.

நாற்காலி வந்தது, அதை மறுக்கவில்லை. சாய்கிற நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, காலடியில் மிதி. பதிவேட்டில் இந்தமுறை புள்ளி சரியாக இருந்தது. டாக்டர் ஷபானா வந்தார். சின்னப் பெண், முதல் பிள்ளை இயந்திரச் சத்தத்துக்கு அலறி ஓடியபோது, "இது வண்டுதான், நான் வளர்க்கிறேன், கடிக்காது" என்று சொல்லிப் பிடித்துவந்தவர். திங்களன்று தொடங்கினார். அழுகிப்போனதைச் சுரண்டி, சுத்தம் செய்து, மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, மேலே தற்காலிகமாகப் பூசி, அடுத்த பிள்ளை, அடுத்த பிள்ளை என்று வெள்ளிவரைக்கும் தலை நிமிரவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு வந்து காட்டிவிட்டுக் கூடையோடு போனார்கள்.

"திங்கட்கிழமை எல்லாரும் வாங்க, பஞ்சை எடுத்துட்டு நிரந்தரமா அடைச்சிடலாம்" என்றார் டாக்டர். கனிஷ்காவிடம், "உன் பல்லு பிழைச்சுக்கும்டா" என்றார்.

திங்கட்கிழமை அறை திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, டாக்டர் இல்லை. நர்சுக்குத் தெரியவில்லை. விருமாயி உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"அஞ்சு நாள்னுதானே முடிவாச்சு" என்றது அங்கிருந்து ஒரு குரல். "அஞ்சு நாள் முடிஞ்சிருச்சு. வருஷத்துக்கு அஞ்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

விருமாயி கைபேசியைக் கீழே வைத்தாள். துண்டுக்குள் அவளை ஏமாற்றியவன் இதுவரை பிறக்கவில்லை. தன்னை ஒரு திட்டுத் திட்டிக்கொண்டாள், உங்களைத் திட்டியது அச்சில் ஏறாது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். தரகுக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். பேச்சு நீளவில்லை.

"விரல் வாரத்துக்கா வருஷத்துக்கான்னு சொல்லலியே" என்றார் ஒருவர் தயக்கமாக.

"சரக்கப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் விருமாயி. "சரக்கு என்ன? புள்ளைக வாய். வாயி வருஷத்துக்கு அஞ்சு நாள் தெறக்குற சாமானா? அதென்ன கோயில் தேரா?"

அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாரத்துக்கு ஐந்துதான் என்று சந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்லாத்துப்பட்டி சந்தையின் தீர்ப்பை மீறி இந்த மலையடிவாரத்தில் யாரும் ஒரு பிடி பூண்டு விற்றதுமில்லை, வாங்கியதுமில்லை. செய்தி பரவியபோது தமிழாசிரியர் கூப்பிட்டார். குழந்தைகளுக்குத் திரும்ப வலிக்கிறதென்றால் அனுப்பிவிடுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஜவுளிக்கடை முதலாளியும் அதையே சொன்னார், கூடவே உங்கள் அலுவலக எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேண்டாம் என்றுவிட்டாள் விருமாயி. அச்சாரம் கொடுத்தது கொடுத்ததுதான், நாங்கள் வாக்குத் தவறுகிறவர்கள் இல்லை.

கனிஷ்காவை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போக விருமாயிக்கு வண்டி பிடிக்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நேற்றே கூப்பிட்டாள். "எல்லாரும் வந்தாத்தான் பெரியம்மா வருவேன்" என்று கனிஷ்கா கையை உதறிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் பிடிவாதம் விலைக்கு வாங்கியதில்லை. நாளை மறுநாள் அடித்தாவது தூக்கிப்போவார்கள். மற்ற பிள்ளைகளின் பல்லிலும் பஞ்சு ஊறிக்கொண்டிருக்கிறது, மேலே பூசியது உதிர ஆரம்பித்துவிட்டது, அத்தனையும் விழுந்தால் திரும்ப முளைக்காத பற்கள்.

விரலை நீட்டியது நீங்கள். தரகர் மகன், தெரிந்தேதான் நீட்டினீர்கள். டாக்டர் ஷபானாவை எங்கே மாற்றியிருந்தாலும் நாளைக் காலை எட்டு மணிக்குள் திருப்பி அனுப்புங்கள். நாளைக்கு மட்டுமல்ல, வாரத்தில் ஐந்து நாளும், எல்லா வாரமும். பிள்ளைகள் இப்போதே ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொடுத்த கையைக் காப்பாற்றுங்கள்.